ஒரு போட்டியும் அதன் ரெக்கார்டு நோட்டும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். டீயோ காபியோ பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

உங்களில் பலருடைய பிள்ளைகள் இப்போது பயோடெக்னாலஜி படிக்கிறார்கள். அவர்களில் சிலர் ‘ஐஜெம்’ என்ற உலகப் போட்டிக்குத் தயாராவதாகக் கேள்விப்பட்டேன். அப்படி ஒரு பெண்ணின் அப்பா, என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவர், போனில் அலுத்துக்கொண்டார். “சார், லேப்ல செய்யற வேலையைவிட எழுதற வேலைதான் அதிகமா இருக்கு. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் வெப்சைட்டுக்கு எழுதிக்கிட்டு உட்கார்ந்திருக்கா. இது சயின்ஸ் போட்டியா, கட்டுரைப் போட்டியா?”

கேள்வி நியாயமானது. அதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிட முடியாது. அந்தப் போட்டி வளர்ந்த கதையைச் சொன்னால்தான் புரியும்.

முதலில் போட்டி என்னவென்று பார்த்துவிடுவோம். சிந்தெடிக் பயாலஜி என்றால், ஒரு பாக்டீரியாவுக்குள்ளோ ஈஸ்ட்டுக்குள்ளோ புதிய டிஎன்ஏ துண்டுகளைப் பொருத்தி, அது இயல்பாகச் செய்யாத ஒரு வேலையைச் செய்ய வைப்பது. மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து பல மாதங்கள் உழைத்து இப்படி ஒன்றை உருவாக்க வேண்டும். கடைசியில் எல்லா நாட்டுக் குழுக்களும் ஓரிடத்தில் கூடி நடுவர்கள் முன் விளக்க வேண்டும். ஆனால் அந்தக் கூட்டத்துக்கு முன்பே ஒரு கெடு வருகிறது. ஒவ்வொரு குழுவும் தன் வேலை முழுவதையும் ‘விக்கி’ எனப்படும் இணையப் பக்கங்களில் எழுதி முடித்திருக்க வேண்டும். குறித்த நேரம் வந்ததும் பக்கங்கள் பூட்டப்படும். அதை ‘விக்கி ஃப்ரீஸ்’ என்கிறார்கள். அதன்பிறகு ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற முடியாது. பதக்கம் கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் அந்தப் பக்கங்களைப் பொறுத்தது.

ஏன் இவ்வளவு கறார்? 2003-க்குப் போவோம்.

அந்த ஆண்டு ஜனவரியில், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் (நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை, மாசசூசெட்ஸில் இருப்பது) இரண்டு பருவங்களுக்கு நடுவே வரும் விடுப்பு மாதத்தில் ஒரு சிறப்பு வகுப்பு நடந்தது. நடத்தியவர்கள் டாம் நைட், டிரூ எண்டி, ராண்டி ரெட்பர்க், ஜெரால்டு சஸ்மன். இவர்கள் யாரும் உயிரியல் வழியாக வந்தவர்கள் அல்ல. நைட்டும் சஸ்மனும் கணினித் துறைக்காரர்கள். ரெட்பர்க் ஆப்பிள், சன் போன்ற கணினி நிறுவனங்களில் இருந்தவர். எண்டி முதலில் படித்தது சிவில் இன்ஜினியரிங்.

அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 2000-இல், எலோவிட்ஸ், லீப்லர் என்ற இருவர் மூன்று ஜீன்களை வட்டமாக இணைத்து, ஒன்று அடுத்ததை அடக்கும்படி அமைத்தார்கள். பாக்டீரியா மின்மினிப் பூச்சியைப் போல விட்டு விட்டு ஒளிர்ந்தது. அதேபோல ஒளிரும் செல்லை வடிவமைக்க முடியுமா என்பதுதான் அந்த வகுப்பு மாணவர்களுக்குக் கொடுத்த வேலை.

பொறியாளர்களுக்கு இதில் உடனே ஒரு எரிச்சல் வந்தது. ஒவ்வொரு ஆய்வகமும் டிஎன்ஏவைத் தன் போக்கில் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. ஒருவர் செய்த துண்டு இன்னொருவர் செய்ததோடு பொருந்தாது.

இந்த இடத்தில் நட்டும் போல்ட்டும் நினைவுக்கு வர வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அமெரிக்காவில் ஒரு பட்டறையின் போல்ட்டுக்கு அந்தப் பட்டறையின் நட்டுதான் சேரும். 1864-இல் வில்லியம் செல்லர்ஸ், பிலடெல்பியாவின் ஃபிராங்க்ளின் இன்ஸ்டிடியூட்டில், திருகு மரைக்கு ஒரே அளவு வேண்டும் என்று ஒரு திட்டத்தை முன்வைத்தார். அது பரவிய பிறகுதான் எந்தக் கடையில் வாங்கினாலும் பொருந்தும் என்ற நிலை வந்தது. சிந்தெடிக் பயாலஜிக்காரர்கள் இந்தக் கதையை அடிக்கடி சொல்வார்கள்.

நைட் 2003-இல் டிஎன்ஏவுக்கு இப்படி ஒரு மரை அளவை எழுதினார். பெயர் ‘பயோபிரிக்’, அதாவது உயிரியல் செங்கல். ஒவ்வொரு துண்டுக்கும் முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு என்று நான்கு குறிப்பிட்ட வெட்டிடங்கள். அவற்றை வெட்டும் என்சைம்களும் குறிப்பிட்டவைதான். இரண்டு துண்டுகளை இணைத்தால் வரும் புதிய துண்டுக்கும் இரு முனைகளிலும் அதே நான்கு வெட்டிடங்கள் இருக்கும். அதனால் அதை இன்னொன்றோடு இணைக்கலாம். இப்படியே நீட்டிக்கொண்டு போகலாம்.

பாகம் இருந்தால் பட்டியல் வேண்டும் அல்லவா? எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்கு டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனியின் தடித்த டேட்டா புக் தெரிந்திருக்கும். எந்த சிப்புக்கு எத்தனை கால், எந்தக் காலில் எவ்வளவு வோல்ட் என்று எல்லாம் அதில் இருக்கும். சிப்பின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாதவரும் அந்தப் புத்தகத்தைப் பார்த்து ரேடியோ செய்துவிடலாம். அதே மாதிரிதான் உயிரியல் பாகங்களுக்கு ஒரு பதிவேடு தொடங்கினார்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் எண், ஒரு பக்கம். பச்சையாக ஒளிரும் புரதத்துக்கான ஜீன் ஒன்றுக்கு ஈ0040 என்ற எண். இந்தத் துறைப் பிள்ளைகள் பலருக்கு அது மனப்பாடம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சிப்பைக் கையில் எடுத்தால் அதன் மேல் எண் அச்சிட்டிருக்கும். டிஎன்ஏ அப்படி இல்லை. கரைசலாக இருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் போலத்தான் தெரியும். பதிவேட்டிலிருந்து குழுக்களுக்கு அனுப்பிய பெட்டியில் 384 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டுகள் இருக்கும். ஒவ்வொரு குழியின் அடியிலும் உலர்ந்த டிஎன்ஏ. எந்தக் குழியில் எது என்பதை எழுத்துதான் சொல்ல வேண்டும். எழுத்து தவறினால் குழியில் இருப்பது யாருக்கும் பயன்படாது. எழுத்தைப் பிடித்துக்கொண்டு இவர்கள் தொங்குவதற்கு முதல் காரணம் இதுதான்.

2004 கோடையில் அந்த வகுப்பு போட்டியானது. பாஸ்டன், கால்டெக், எம்.ஐ.டி., பிரின்ஸ்டன், டெக்சாஸ் (ஆஸ்டின்) என்று மொத்தம் ஐந்தே குழுக்கள். டெக்சாஸ் குழுவின் திட்டத்திலிருந்து, வெளிச்சம் பட்டால் ஒரு மாதிரியும் படாவிட்டால் இன்னொரு மாதிரியும் நடந்துகொள்ளும் பாக்டீரியா வந்தது. அதைத் தட்டில் பரப்பி, ஃபிலிம் போலப் படம் பிடித்தார்கள். அது 2005-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. அந்த ஆண்டே மற்ற நாடுகளும் சேர்ந்து குழுக்கள் 13 ஆயின. அடுத்த ஆண்டு 30-ஐத் தாண்டியது. பின்னாளில் 300-க்கு மேல் போனது. 2012-இல் எம்.ஐ.டி.யை விட்டுப் பிரிந்து தனி அறக்கட்டளை ஆனது.

குழு பெருகியது, பாகம் பெருகியது. கூடவே குப்பையும் பெருகியது. பெட்டியிலிருந்து பாகம் வாங்கிக்கொள், நீ செய்ததைத் திருப்பிக் கொடு என்பதுதான் ஏற்பாடு. நம் ஊர் மொய் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் திருப்பிக் கொடுத்தவற்றில் பலவற்றுக்குச் சரியான விளக்கம் இல்லை. சிலவற்றில் எழுதியிருந்த வரிசை ஒன்று, உள்ளே இருந்தது இன்னொன்று. இந்தத் தரக் குறைபாட்டை 2008-இலேயே ஆய்வுக் கட்டுரைகள் சுட்டிக்காட்டின. அதே ஆண்டு பேரி கேன்டன், அன்னா லாப்னோ, எண்டி மூவரும் எஃப்2620 என்ற ஒரே ஒரு பாகத்துக்கு முழு டேட்டா ஷீட் தயாரித்து வெளியிட்டார்கள். எவ்வளவு வேதிப்பொருளுக்கு எவ்வளவு விடை, எவ்வளவு நேரத்தில், எத்தனை தலைமுறை வரை கெடாமல் இருக்கும் என்றெல்லாம் அளந்து எழுதியிருந்தார்கள். பாகத்தைப் பற்றி எழுதுவது என்றால் இப்படி என்று காட்டிய முன்மாதிரி அது.

போட்டியின் விதிகளும் இதையொட்டி இறுகின. இங்கே தங்கம், வெள்ளி, வெண்கலம் என்பது நம் விளையாட்டு விழா மாதிரி ஒருவருக்கு ஒன்று இல்லை. விதித்த தகுதிகளைப் பூர்த்தி செய்த எல்லாக் குழுக்களுக்கும் உண்டு. வெண்கலத்துக்கான தகுதிகளில் ஒன்று, அடுத்து வரும் குழுக்களுக்கு உதவும் ஏதாவது ஒன்றை எழுதி வைப்பது. பழைய பாகம் ஒன்றைப் பற்றிப் புதிய தகவலாக இருக்கலாம். எங்கே சிக்கல் வந்தது, எப்படிச் சரிசெய்தோம் என்ற குறிப்பாகவும் இருக்கலாம். தோல்வியையும் எழுதலாம், அதற்கும் மதிப்பு உண்டு.

இந்த எண்ணம் புதிதல்ல. பாயில் விதி படித்தீர்களே, அந்த ராபர்ட் பாயில் 1661-இல் வெளியிட்ட நூலில், பரிசோதனைகள் தோற்பதைப் பற்றி மட்டுமே இரண்டு கட்டுரைகள் எழுதி வைத்திருக்கிறார்.

அடுத்து, எங்கே எழுத வேண்டும் என்ற விதி. குழுவின் பக்கங்கள் போட்டியின் சர்வரிலேயே இருக்க வேண்டும். படங்களையும் அங்கேயே ஏற்ற வேண்டும். மாணவர் படிப்பை முடித்துப் போய்விடுவார். அவர் வெளியே எங்கோ வைத்திருந்த தளத்துக்குப் பணம் கட்டாவிட்டால் அது மறைந்துவிடும். போட்டியின் சர்வரில் இருப்பது ஆண்டு வாரியாக நிற்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், எடுத்த இடத்தைச் சொன்னால் போதும் என்பதே அதன் உரிமம்.

இதன் பயன் என்ன? 2006-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ மாணவர்கள், தண்ணீரில் ஆர்செனிக் இருந்தால் அமிலத் தன்மையை மாற்றிக் காட்டும் பாக்டீரியாவை வடிவமைத்தார்கள். வங்கதேசத்துக் குழாய்க் கிணறுகளில் ஆர்செனிக் கலந்திருப்பது எவ்வளவு பெரிய துயரம் என்று உங்களுக்குத் தெரியும். மலிவான ஒரு சோதனை கிடைத்தால் எத்தனையோ குடும்பங்களுக்குப் பயன்படும். அந்த மாணவர்களின் கோடைக்கால வேலை அதோடு முடிந்துவிடவில்லை. எடின்பரோ, கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் சேர்ந்து பின்னர் அதை மேலே கொண்டு போனார்கள். எழுத்து இல்லாமல் இருந்தால் முதலிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

நம் பக்கத்துக் கதையும் ஒன்று சொல்கிறேன். 2009-இல் பெங்களூருவின் சிருஷ்டி கலைப் பள்ளி மாணவர்கள் இந்தப் போட்டிக்குப் போனார்கள். அறிவியல் மாணவர்கள் அல்ல, கலை மாணவர்கள். முதல் மழை பெய்ததும் வருமே மண்வாசனை, அதற்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற பொருளை ஈ.கோலை பாக்டீரியாவில் உண்டாக்குவதுதான் அவர்கள் திட்டம். நம் சென்னை ஐஐடி மாணவர்களும் 2008-லிருந்து இந்தப் போட்டிக்குப் போயிருக்கிறார்கள்.

விதிகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இனிமேல் சொல்லப்போவது. ‘அட்ரிபியூஷன்’ என்று ஒரு பக்கம் கட்டாயம். எந்த வேலையை யார் செய்தார், யார் சொல்லிக் கொடுத்தார், யார் பொருள் கொடுத்தார், எதை வெளியில் கொடுத்துச் செய்து வாங்கினோம் என்று எழுத வேண்டும். பெரிய ஆய்வகத்தில் பேராசிரியர் பாதி வேலையை முடித்துக் கொடுத்திருக்கலாம். சிறிய கல்லூரியில் பிள்ளைகளே எல்லாவற்றையும் செய்திருக்கலாம். மேடையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். எழுதச் சொன்னால்தான் வேறுபாடு வெளியே வரும். பேராசிரியர் உதவி வாங்குவது தப்பில்லை. அதை மறைப்பதுதான் தப்பு.

இதைப் படித்தபோது நான் வேலை பார்த்த ஒரு பள்ளியின் லேப் அட்டெண்டர் நினைவுக்கு வந்தார். என்னோடு ஒன்பது ஆண்டுகள் இருந்தார். பிராக்டிகல் தேர்வுக்கு முதல் நாள் கரைசல்களையெல்லாம் கலக்கி வைப்பவர் அவர்தான். எந்த பாட்டிலில் உள்ள அமிலம் பழசாகி வீரியம் குறைந்திருக்கிறது என்று மூடியைத் திறந்ததும் சொல்லிவிடுவார். அத்தனை ஆண்டுகளில் அங்கே எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான ரெக்கார்டு நோட்டுகளில் ஒன்றில்கூட அவர் பெயர் இல்லை. எழுதும் வழக்கமே நம்மிடம் கிடையாது. வழக்கம் இல்லாத இடத்தில் அதைக் கொண்டுவருவதற்குத்தான் விதி வேண்டியிருக்கிறது.

பாதுகாப்புக்கும் எழுத்து உண்டு. எந்த உயிரினத்தை, எந்த ஆய்வகத்தில், யாருடைய மேற்பார்வையில் கையாள்கிறோம் என்று படிவம் கொடுக்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட பட்டியலில் இல்லாத உயிரினம் என்றால் முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்க வேண்டும். உயிரோடு விளையாடுகிறோம் என்பதால் இதில் சலுகை கிடையாது.

கடைசியாக அளவீடு. ஒளிரும் செல்லை இரண்டு ஆய்வகங்கள் அளந்தால், ஒருவருடைய கருவி 500 என்று காட்டும், இன்னொருவருடையது 20,000 என்று காட்டும். இரண்டிலும் அலகு கிடையாது. எதை எதோடு ஒப்பிடுவது? 2014-லிருந்து ‘இன்டர்லேப்’ என்று ஒரு கூட்டு ஆய்வு தொடங்கினார்கள். எல்லாக் குழுக்களும் ஒரே டிஎன்ஏவை வாங்கி, ஒரே செய்முறையில் அளந்து, ஒரே படிவத்தில் எழுதி அனுப்ப வேண்டும். 2015 ஆய்வின் முடிவு, 88 நிறுவனங்களின் அளவீடுகளோடு, அடுத்த ஆண்டு வெளியானது. 2018-இல் 244 ஆய்வகங்கள் கலந்துகொண்டு, கலங்கலான கரைசலில் எத்தனை செல் இருக்கிறது என்று கணக்கிடும் வழிகளை ஒப்பிட்டன. மிக நுண்ணிய சிலிக்கா மணிகளை வைத்துக் கருவியைச் சரிபார்ப்பதே நம்பகமான வழி என்று தெரிந்தது. அது 2020-இல் ஆய்விதழில் வந்தது. ஒரு தனி ஆய்வகம் இதைச் செய்திருக்கவே முடியாது. நூற்றுக்கணக்கான இளம் பிள்ளைகள், சொன்னபடி செய்து, கண்டபடி எழுதியதால்தான் முடிந்தது.

இதில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். பக்கங்களை அழகுபடுத்துவதில் போட்டி வந்துவிட்டது. அசையும் படங்கள், விதவிதமான வண்ணங்கள் என்று சில குழுக்களின் பக்கங்கள் கம்பெனி விளம்பரம் போல மின்னுகின்றன. நடுவரும் மனிதர்தானே, கண் அங்கே போகத்தான் செய்யும். 2022-லிருந்து பக்கங்களைக் கிட்லேப் என்ற மென்பொருள் தளம் வழியாக உருவாக்க வேண்டும் என்று மாற்றியிருக்கிறார்கள். கோடிங் தெரிந்த பிள்ளை குழுவில் இல்லாவிட்டால் சிரமம்தான்.

இந்த நோய் நமக்குப் பழக்கமானதுதான். பிரவுன் அட்டை, இரட்டைக் கோடு மார்ஜின், முத்து முத்தான கையெழுத்து. உள்ளே பார்த்தால் டைட்ரேஷன் அளவுகள் மூன்றும் ஒரே எண். வகுப்பில் முப்பது பேருக்கும் அதே எண்! பியூரெட் கசிந்தது, இரண்டாம் தடவை நிறம் தாண்டிப்போனது, இதெல்லாம் எந்த நோட்டிலும் இருக்காது. விடையை முதலில் வைத்துக்கொண்டு அளவைப் பின்னால் எழுதுவது நம் பள்ளிகளில் பல தலைமுறையாக நடக்கிறது. அழகுக்கு மதிப்பெண் கொடுத்தால் அழகு கிடைக்கும். உண்மைக்குக் கொடுத்தால்தான் உண்மை கிடைக்கும். ஐஜெம் விதிகள் இரண்டாவதற்கு முயல்கின்றன. எல்லாக் குழுக்களும் அப்படியே நடந்துகொள்கின்றன என்று சொல்லவில்லை. முயற்சி சரியான திசையில் இருக்கிறது என்கிறேன்.

அதனால் பெற்றோர்களுக்கு என் பதில் இது. உங்கள் பிள்ளை ராத்திரி உட்கார்ந்து எழுதுவது அறிவியலுக்கு வெளியே உள்ள வேலை இல்லை. ஆனால் என்ன எழுதுகிறாள் என்று ஒரு தடவை வாங்கிப் பாருங்கள். பாடம் புரியாவிட்டாலும் மூன்று விஷயங்களை உங்களால் பார்க்க முடியும். முன்பின் தெரியாத ஒருவர் அதைப் படித்துவிட்டு, போன் செய்து கேட்காமல், அதே வேலையைத் திரும்பச் செய்ய முடியுமா? சரிவராமல் போன நாட்களும் அதில் தேதியோடு இருக்கின்றனவா? உதவி செய்தவர்கள் பெயர்கள், தட்டு கழுவிக் கொடுத்தவர் வரைக்கும், வந்திருக்கின்றனவா?

மூன்றும் இருந்தால் மகிழ்ச்சியாகத் தூங்கப் போங்கள். முடிந்தால் படுக்கப் போவதற்கு முன் அந்தப் பிள்ளைக்கு ஒரு டம்ளர் பால் கொடுத்துவிட்டுப் போங்கள்.

இந்த ஆண்டு உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது போட்டிக்குப் போனால் அவர்கள் பக்கத்தின் முகவரியை எனக்கு அனுப்புங்கள். ஃப்ரீஸ் ஆவதற்கு முன்பே அனுப்பினால் எழுத்துப்பிழையாவது பார்த்துத் தருகிறேன். சிவப்பு மை பேனா இன்னும் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் சார்